வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்: பல் சீரமைப்பு மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பல் சீரமைப்பு மருத்துவர்களுக்கு வணக்கம்.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. பதினான்கு மாதமாகப் பல்லில் கம்பி போட்டிருக்கும் ஒரு பதினைந்து வயதுப் பையனின் அம்மா, அவ்வளவுதான். மாதம் ஒரு முறை அவனைக் கூட்டிக்கொண்டு வந்து, உங்கள் அறையின் ஓரத்தில் கிடக்கும் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பவள். தலைப்பக்கம் நீங்களும் உதவியாளரும் நிற்பதால் எனக்குத் தெரிவது கால்கள் மட்டும்தான். வலித்தால் இடது கால் கட்டைவிரலை மடக்குவான். அதை வைத்துத்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று நான் தெரிந்துகொள்வது.

ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் மருத்துவர் நல்லவர், கைராசிக்காரர், அவர் மேல் எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. ஆனால் பதினான்கு மாதத்தில் அவர் என் மகனிடம் "எப்படிப்பா இருக்கு?" என்று கேட்ட ஒவ்வொரு முறையும் அவன் வாய் திறந்தே இருந்தது. கன்னத்தை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் பிளாஸ்டிக்கை மாட்டியாகிவிட்டது, எச்சில் உறிஞ்சும் குழாயும் உள்ளே போய்விட்டது, விளக்கு நேராக முகத்தில் அடிக்கிறது, அப்போதுதான் அந்தக் கேள்வி வரும். அவன் "ஆ" என்பான். வேறு எந்த எழுத்தையும் அந்த நிலையில் யாராலும் சொல்ல முடியாது. அந்த "ஆ"வை 'நன்றாகத்தான் இருக்கிறது' என்று எடுத்துக்கொண்டு வேலை தொடங்கும். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

மூன்றாவது மாதம் பள்ளியில் ஆசிரியை ஒருவர் என்னைப் பார்த்தபோது, பையன் இப்போதெல்லாம் வகுப்பில் சத்தமாக வாசிப்பதில்லை, என்ன ஆச்சு என்று கேட்டார். இவன் வாசிக்க ஆரம்பித்தால் அடுத்த வகுப்பு வரை கேட்கும் என்று முன்பு புகார் வந்த பையன் இவன். வீட்டிலும் கொஞ்ச நாளாக வாய் மூடியேதான் சிரித்துக்கொண்டிருந்தான், போனில் படம் எடுத்தால் நகர்ந்துவிடுவான், சரி, வயசு அப்படி என்று விட்டுவிட்டேன். அன்று இரவு விளக்கணைத்த பிறகுதான் சொன்னான். 'ஸ' வரும் சொல்லைச் சொன்னால் எச்சில் தெறிக்கிறதாம். ஒரு நாள் அது முன் வரிசையில் இருந்தவன் நோட்டில் விழுந்திருக்கிறது. அவன் ஒன்றும் சொல்லாமல் துடைத்துவிட்டான், ஆனால் பின்னால் இருந்த இரண்டு பேர் அன்றிலிருந்து இவன் எழுந்து நின்றாலே 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் போடுகிறார்கள். "வாய்க்குள்ள ஒரு பட்டறையே இருக்கிற மாதிரி இருக்கும்மா" என்றான்.

அவன் கோப்பில் இது எங்கேயும் கிடையாது. கோப்பில் இருப்பது, மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களைவிட 8 மில்லிமீட்டர் முன்னால் துருத்தியிருந்தன, இப்போது 5 மில்லிமீட்டர். என் மகனுடைய கணக்கில் அதே பதினான்கு மாதத்தில் இழந்தவை: சத்தமாக வாசிப்பது, மதிய இடைவேளையில் மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவது (கம்பியில் சிக்கியதை நாக்கால் துழாவுவதை யாராவது பார்த்துவிடுவார்களாம்), அப்புறம் ஒரு குழுப் புகைப்படம். அதில் இவன் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இடைவெளி இருக்கிறது.

உங்கள் துறை அளவெடுப்பதில் கெட்டி. பல் வரிசைக் கோளாறுகளை எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் மூன்று வகுப்பாகப் பிரித்தது 1899இல். நூற்றி இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இன்றும் "கிளாஸ் டூ" என்றுதான் என் மகன் தலைக்கு மேல் பேசிக்கொள்கிறீர்கள். (அதை அவன் வீட்டுக்கு வந்து தேடிப் படித்துவிட்டான். முதல் வகுப்பில்லாமல் இரண்டாம் வகுப்பு என்றால் மதிப்பெண் குறைவு என்று நினைத்தானாம். சிரிப்பாகத்தான் இருக்கிறது, ஆனால் ஒரு மாதம் அப்படி நினைத்திருக்கிறான்.) 1989இல் பிரிட்டனில் சிகிச்சை தேவையா இல்லையா என்று முடிவு செய்ய ஒரு அளவுகோல் உருவாக்கினார்கள். அதில் பல் ஆரோக்கியத்துக்கு ஐந்து படிகள், பல் தோற்றத்துக்குப் பத்துப் புகைப்படங்கள், இரண்டிலும் எண் கூடக் கூடக் கோளாறும் கூடும். மூன்றாம் படியில் நிற்கும் குழந்தைக்கு அந்தப் பத்துப் படங்களில் ஆறாவதோ அதற்கு மேலோ வந்தால்தான் அங்கே அரசுச் செலவில் கம்பி. தோற்றமும் ஒரு காரணம்தான் என்று ஒப்புக்கொண்டதற்காக அதை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் படங்களில் இருப்பது வெறும் பற்கள். உதட்டை விலக்கி எடுத்த பற்கள். அவற்றுக்குச் சொந்தக்காரர் அன்று வகுப்பில் கை தூக்கினாரா இல்லையா என்பது எந்தப் படத்தில் தெரியும்?

இதற்கான கருவி உங்களிடமே இருக்கிறது, அதுதான் எனக்கு ஆச்சரியம். 11 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளே தங்கள் வாயைப் பற்றிப் பதில் சொல்லும் கேள்வித்தாள் ஒன்று கனடாவில் உருவாகி 2002இலேயே வெளிவந்துவிட்டது. வலி, மெல்லுவது, பேசுவது மட்டுமில்லாமல் மனநிலை, நண்பர்கள், பள்ளி எல்லாம் அதில் வரும். 2006இல் பல் தோற்றம் மனத்தை என்ன செய்கிறது என்று மட்டும் கேட்கும் 23 வரிகள் கொண்ட இன்னொன்று வந்தது. சிரிக்கும்போது அடக்கிக்கொள்கிறாயா, மற்றவர்கள் பல்லைப் பார்த்து என்ன நினைப்பார்கள் என்று தோன்றுகிறதா, இப்படி. ஐந்து நிமிட வேலை. எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகளில் இவை வருகின்றன. நாங்கள் ஏறி இறங்கிய மூன்று மருத்துவமனைகளில் ஒன்றில்கூட யாரும் அப்படி ஒரு தாளை அவன் கையில் கொடுக்கவில்லை. மூன்று இடத்திலும் பல்லை அச்சு எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள், முகத்தை மூன்று பக்கமும் புகைப்படம் எடுத்தார்கள்.

மருத்துவரின் அளவும் பிள்ளையின் உணர்வும் பல நேரம் ஒத்துப்போவதில்லை என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தும் வாய் நிறையச் சிரிக்கும் பிள்ளைகள் உண்டு. முன்பல்லில் நூலளவு இடைவெளிக்காக மூன்று வருடம் உதட்டை மூடிக்கொண்டே திரிந்த ஒரு பெண்ணையும் எனக்குத் தெரியும். மில்லிமீட்டரைப் பார்த்து இவனுக்கு இவ்வளவு கஷ்டம் இருக்கும் என்று யாராலும் ஊகிக்க முடியாது, ஆகவே கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"அழகுக்காகத்தானே போடுகிறீர்கள்" என்று எங்களைப் பார்த்துச் சொல்பவர்களுக்கும் இந்த இடத்தில் ஒரு வார்த்தை. 8 மில்லிமீட்டர் துருத்திய பல் கீழே விழுந்தால் உடையும் வாய்ப்பு அதிகம், அது தனிக் கதை. தோற்றம் மட்டும்தான் காரணம் என்றே வைத்துக்கொள்வோம். 1981இல் வந்த ஒரு ஆய்வில் ஒரே குழந்தையின் புகைப்படத்தில் பல்லை மட்டும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். பல் வரிசை சரியாக இருந்த படத்தைப் பார்த்தவர்கள் அந்தக் குழந்தை அழகு என்றதோடு நிற்கவில்லை, புத்திசாலி, நண்பனாக வைத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். பெரியவர்களும் அதைத்தான் சொன்னார்கள், சிறுவர்களும் அதைத்தான் சொன்னார்கள். ஜோர்டானில் 920 பள்ளிக் குழந்தைகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வில் ஏறத்தாழப் பாதிப் பேர், 47 விழுக்காடு, கேலிக்கும் சீண்டலுக்கும் ஆளானதாகச் சொன்னார்கள். உடல் சார்ந்த கேலியில் முதலிடம் பல்லுக்கு. உடல் வலுவும் எடையும் அதற்குப் பின்னால்தான். பிரிட்டனில் கம்பி போட வந்த 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளைக் கேட்டபோது சுமார் 13 விழுக்காட்டினர் தாங்கள் சீண்டப்படுவதாகச் சொன்னார்கள், முன்பல் துருத்தியவர்களிடம் அது அதிகம். எட்டுப் பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளில் உங்கள் நாற்காலியில் எத்தனை பிள்ளைகள் படுக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

வளரிளம் வயதில் உலகமே தன்னைப் பார்த்துக்கொண்டிருப்பதாகத் தோன்றும், அதைக் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்று 1967லேயே டேவிட் எல்கைண்ட் என்ற உளவியலாளர் எழுதியிருக்கிறார். உண்மைதான், நானும் அந்த வயதைத் தாண்டி வந்தவள்தான். ஆனால் சில பிள்ளைகளின் பின் வரிசையில் நிஜமாகவே இரண்டு பேர் உட்கார்ந்து 'ஸ்ஸ்ஸ்' என்கிறார்கள். எது கற்பனை எது நிஜம் என்று கேட்காமல் தெரியாது.

சரி, அதற்காக நேர் எதிர்ப்பக்கம் போய்விடாதீர்கள் என்பதும் என் கோரிக்கை. "கம்பியைக் கழற்றின அன்னிக்குப் பாரு, கான்ஃபிடன்ஸ் தானா வரும்" என்று எங்களிடம் முதல் நாளே சொன்னார்கள். வேல்ஸில் கார்டிஃப் நகரத்தில் 1981இல் 11, 12 வயதுப் பிள்ளைகள் 1,018 பேரைப் பரிசோதித்து, இருபது ஆண்டு கழித்து அவர்களில் 337 பேரை மறுபடியும் பார்த்தார்கள். கம்பி போட்டவர்களுக்குப் பல் வரிசை நன்றாக இருந்தது, தங்கள் பல்லைப் பற்றித் திருப்தியும் இருந்தது. ஆனால் பெரியவர்களான பிறகு அவர்களுடைய சுயமதிப்பிலோ மனநலத்திலோ சிகிச்சையால் வந்தது என்று சொல்லும்படி பெரிய வித்தியாசம் எதுவும் இல்லை. தேவை இருந்தும் கம்பி போடாதவர்கள் அதனால் மனதளவில் ஒடிந்துபோகவும் இல்லை. இதைப் படித்தபோது எனக்கு ஏமாற்றம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது. பல் நேரானால் பல் நேராகும். அதுவே நல்ல விஷயம். அதற்கு மேல் ஒரு ஆளுமையையே கழற்றி மாட்டித் தருவதாக நீங்கள் ஏன் வாக்குக் கொடுக்க வேண்டும்? கம்பி கழற்றிய மறுநாளும் அதே பழைய கூச்சத்தோடு எழுந்திருக்கும் பிள்ளை, கோளாறு பல்லில் இல்லை என்னிடம்தான் என்று நினைத்துக்கொள்ளாதா?

அந்த ஆய்வு கேட்டது இருபது ஆண்டு கழித்து. நான் பேசுவது நடுவில் உள்ள இரண்டு ஆண்டுகளைப் பற்றி. கம்பி போட்ட தொடக்கத்தில் பிள்ளைகளின் அன்றாட வாழ்க்கை முன்பைவிட மோசமாகிறது, முடிந்த பிறகுதான் மேலேறுகிறது என்பது உங்கள் துறையே திரும்பத் திரும்பக் கண்டது. "ரெண்டு வருஷம்தானே" என்று நீங்கள் சொல்கிறீர்கள், நானும் சொன்னேன், என் வாயாலேயே சொன்னேன். பதினான்கு வயதுக்காரனுக்கு இரண்டு வருடம் என்பது அதுவரை வாழ்ந்ததில் ஏழில் ஒரு பங்கு. என் வயதுக்கு அதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன், ஆறு வருடத்துக்கு மேல் வருகிறது. ஆறு வருடம் வாயை மூடிக்கொண்டு சிரிக்கச் சொன்னால் நான் என்ன செய்வேன் என்று தெரியவில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஐந்தாவது மாதம் எங்கள் மருத்துவர் ஊரில் இல்லாத ஒரு நாள், பயிற்சியில் இருக்கும் ஒரு இளம் மருத்துவர் பார்த்தார். வேலை முடிந்து நாற்காலியை நிமிர்த்திய பிறகு, அவன் வாய் துடைத்துக்கொண்டிருக்கும்போது, பல் எப்படி நகர்கிறது தெரியுமா என்று கேட்டு ஒரு காகிதத்தில் வரைந்தார். கம்பி தள்ளும் பக்கம் எலும்பைக் கரைக்கும் செல்கள் வேலை செய்யும், பல் விட்டுப்போன பக்கம் புதிய எலும்பைக் கட்டும் செல்கள் வரும், அதனால்தான் அவசரப்படுத்த முடியாது, மாதம் ஒரு மில்லிமீட்டர்தான் கணக்கு. கம்பியை முறுக்கிய சில மணி நேரத்தில் வலி தொடங்கும், மறுநாள் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரத்துக்குள் அடங்கிவிடும் என்பதையும் அவர்தான் சொன்னார், அதுவரை வலி வந்தால் ஏதோ தப்பாகிவிட்டது என்றே இவன் நினைத்திருந்தான். எல்லாம் சேர்த்து நான்கு நிமிடம் இருக்கும். திரும்பி வரும் வழியெல்லாம் பேச்சு. "என் எலும்பு கரைஞ்சு கரைஞ்சு கட்டுது" என்று நண்பனுக்குப் போன் செய்து பெருமை அடித்துக்கொண்டான். கம்பியைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டியிருக்கும் பிராக்கெட்டைச் சுற்றிப் போடும் வண்ண ரப்பரில் அதுவரை வெளியே தெரியாத சாம்பல் நிறத்தையே கேட்டு வாங்கியவன், அடுத்த மாதம் கருநீலம் போடச் சொன்னான். அந்த மருத்துவர் பல்லில் புதிதாக எதுவும் செய்துவிடவில்லை.

அதற்கு நேர்மாறான இன்னொரு நாள். சரியாகப் பல் விளக்குவதில்லை, பிராக்கெட்டைச் சுற்றி வெள்ளைப் புள்ளி விழ ஆரம்பித்திருக்கிறது என்று உதவியாளர், வெளியே காத்திருந்த ஏழெட்டுப் பேருக்கும் கேட்கும்படி சத்தம் போட்டார். அவர் சொன்னது சரிதான். அழுக்குப் படிந்த இடத்தில் ஒரு மாதத்துக்குள்ளேயே அந்தப் புள்ளிகள் வந்துவிடும், கம்பி போன பிறகும் தங்கிவிடும். ஆனால் ஏன் விளக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. நானும் வீட்டில் சத்தம்தான் போட்டேன். பிறகு ஒரு நாள் கவனித்தேன், அவன் குளியலறை விளக்கைப் போடாமல் பல் விளக்குகிறான். கண்ணாடியில் தன் வாயைப் பார்க்கப் பிடிக்காத பிள்ளை, கண்ணாடி முன் நின்று ஒவ்வொரு பிராக்கெட்டாக எப்படித் தேய்ப்பான்? மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் இடையே மாட்டும் ரப்பர் பேண்டும் இதே கதைதான். நாள் முழுக்கப் போட்டிருக்க வேண்டும் என்றீர்கள். வகுப்பில் கொட்டாவி விடும்போது ஒன்று அறுந்து தெறித்த பிறகு அவன் பள்ளியில் அதைப் போடுவதே இல்லை, சாயங்காலம் வாசலில் நின்று மாட்டிக்கொண்டு உள்ளே வருவான். "ஒத்துழைப்பு இல்லை" என்று கோப்பில் எழுதியிருக்கிறீர்கள். வெட்கத்துக்கும் சோம்பேறித்தனத்துக்கும் நீங்கள் ஒரே பெயர் வைத்திருக்கிறீர்கள், என்னால் அதை ஏற்க முடியவில்லை.

பெயர் என்றதும் நினைவுக்கு வருகிறது. எட்டொன்பது வயதில் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி விட்டு விரிந்து நிற்குமே, கோரைப்பல் வந்ததும் பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்ளும், அந்தப் பருவத்துக்கு உங்கள் பாடப்புத்தகங்களில் 'அசிங்கமான வாத்துக்குஞ்சுக் கட்டம்' என்று பெயராம். யாரோ செல்லமாக வைத்திருக்கலாம். ஒரு குழந்தை காதில் அது எப்படி விழும்?

வரவேற்பறையில் மாட்டியிருக்கும் 'முன் – பின்' படங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'பின்' படத்தில் எல்லாரும் நல்ல வெளிச்சத்தில், தலை வாரி, சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். 'முன்' படத்தில் யாருமே சிரிக்கவில்லை, ஏதோ தப்புச் செய்து பிடிபட்டவர்கள் போல நிற்கிறார்கள். கம்பி போட்டுக்கொண்டு அந்தச் சுவருக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எல்லாரும் இன்னும் 'முன்' தான். அப்புறம் அந்தப் படங்களை இணையத்தில் போட்டுக்கொள்ள என்னிடம் கையெழுத்து வாங்கினார்கள், நானும் படிக்காமல் போட்டுக் கொடுத்தேன். முகம் யாருடையதோ அவனிடம் யாரும் கேட்கவில்லை. 1989இல் வந்த ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது. உரிமை, சட்டம் என்று பெரிய பேச்சு எதற்கு, "உன் படத்தைப் போடட்டுமா தம்பி?" என்று கேட்டால் முடிந்தது. வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பான். நான் போன வாரம் எழுதிக் கொடுத்து எடுக்கச் சொல்லிவிட்டேன்.

ஆகவே நான் கேட்பது இதுதான். நாற்காலியைச் சாய்ப்பதற்கு முன், கையுறை மாட்டுவதற்கு முன், விளக்கைத் திருப்புவதற்கு முன், அவர்களுடைய வாய் அவர்களுடையதாக இருக்கும்போதே ஐந்து நிமிடம் பேசுங்கள். போன மாதத்திலிருந்து எதையாவது செய்யாமல் விட்டாயா? யாராவது ஏதாவது சொன்னார்களா? இதில் எது உனக்குப் பெரிய தொல்லை? முடிந்தால் என்னை வெளியே அனுப்பிவிடுங்கள், அம்மா முன்னால் பதினைந்து வயதுப் பையன்கள் எதையும் சொல்ல மாட்டார்கள், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். பதிலை அந்த மில்லிமீட்டர்களுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். சில பதில்கள் உங்கள் கைக்கு மீறியதாக இருக்கும்: பள்ளிக்கே போகப் பிடிக்காத பிள்ளை, வேறு யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு குறையைக் கண்ணாடியில் மணிக்கணக்காகத் தேடும் பிள்ளை. அவர்களுக்குக் கம்பியை இன்னும் கொஞ்சம் முறுக்கிப் பயனில்லை, மனநல ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும். அதை முதலில் கண்டுபிடிக்கக்கூடிய இடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள், ஏனென்றால் இரண்டு வருடம் மாதாமாதம் அந்த முகத்தை ஒரு முழம் தூரத்தில் பார்க்கும் வெளியாள் நீங்கள் ஒருவர்தான்.

அடுத்த முறை நாங்கள் பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிடுவோம். மகன் ஒரு தாளில் மூன்று கேள்வி எழுதி மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறான், என்னிடம் காட்டவில்லை. ஒன்று மட்டும் எனக்குத் தெரியும், ஏனென்றால் அதற்கு என்னிடம்தான் முதலில் பதில் கேட்டான், எனக்குத் தெரியவில்லை. ஆண்டு விழாவில் ஒரு நாடகத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறானாம், வசனத்தில் 'ஸ' நிறைய வருகிறதாம், அதை எச்சில் தெறிக்காமல் சொல்ல ஏதாவது வழி இருக்கிறதா என்று உங்களிடம் கேட்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு அம்மா